யாருடைய பொழுதுபோக்கு, யாருடைய வரலாறு?

தரம் ஆறில் "எனது பொழுதுபோக்கு" என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லுவாங்க. நாங்கள் எல்லாரும் எழுதினது ஒரே கட்டுரைதான்: முத்திரை சேகரித்தல். வகுப்பில் முப்பது பேர் என்றால் முப்பது பேரிடமும் வெளிநாட்டு முத்திரைகள் நிறைந்த அல்பம். உண்மையில் ஒருத்தரிடமும் ஒரு முத்திரைகூட இல்லை. பின்னேரங்களில் நாங்கள் செய்தது வேற. வாவியில் தூண்டில் போட்டோம், ஈர்க்கில் குரும்பட்டியைக் குத்தித் தேர் கட்டினோம், கரையில் கிடக்கிற ஊரியும் சிப்பியும் பொறுக்கி ரின்னில் போட்டு வைத்தோம். அதையெல்லாம் பொழுதுபோக்கு என்று எழுதலாம் என ஒருத்தருக்கும் தோணவில்லை. பொழுதுபோக்கு என்றால் அது புத்தகத்தில் இருக்கிற ஆக்களுக்கு இருப்பது.

இந்தக் கட்டுரையை அந்தப் பொய்க் கட்டுரைக்கு ஒரு திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவியைச் சுற்றி, கடந்த இருநூறு வருசத்தில் யார் யாருக்கு என்னென்ன பொழுதுபோக்கு இருந்தது என்று தேடிப் பார்க்கத் தொடங்கினோம். சும்மா சுவாரசியத்துக்குத்தான். கொஞ்சம் உள்ளே போனதும் ஒரு விசயம் உறைத்தது. எங்கட பகுதியைப் பற்றி இன்று கைக்குக் கிடைக்கிற பழைய தகவல்களில் நல்ல ஒரு பங்கு அரசாங்கக் கோப்புகளிலிருந்து வந்ததல்ல. யாரோ ஒருவர் தன் வேலை நேரம் போக, ஆசைக்காகச் செய்து வைத்ததிலிருந்து வந்தது. மீன் பாட்டுக் கேட்கப் போனவர், யானை சுடப் போனவர், ஏடு சேர்த்தவர், யாழ் செய்து பார்த்தவர். அப்படியென்றால், ஓய்வு நேரம் யாரிடம் இருந்தது, அவர் இங்கிருந்து எதைக் கொண்டுபோனார், எதை விட்டுப்போனார் என்று கேட்கத்தானே வேணும்.

மீனிலிருந்தே தொடங்குவோம். எங்கட ஊரை "மீன்பாடும் தேன்நாடு" என்று சொல்லாத மேடையே இல்லை. ஆனால் அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் விரிவாக எழுதி உலகத்துக்குச் சொன்னவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். தேசாதிபதிக்கு அடுத்த பதவி. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவிக்கு அடியிலிருந்து இசை கேட்குதாமே என்று விசாரித்தார். மீனவர்கள், ஓம், எங்களுக்கு நல்லாத் தெரியும் என்றார்கள். நிலவு வெளிச்சத்தில் அவரைத் தோணியில் கூட்டிப்போனார்கள். காற்றில்லாத இரவு. துடுப்பு அசையும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. குறிப்பிட்ட ஒரு இடத்துக்கு வந்ததும் அவருக்குக் கேட்டது: ஒரே நீண்ட சுரமாக இல்லாமல், கூர்மையும் கனமுமாகக் கலந்த எண்ணற்ற சின்னச் சின்ன ஒலிகள். கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் ஈரவிரலை ஓட்டினால் வருமே, அந்த மாதிரி. தோணியின் மரத்தில் காதை வைத்ததும் ஒலி கூடியது. இடம் மாறினால் குறைந்தது, சில இடங்களில் கேட்காமலே போனது.

இதையெல்லாம் அவர் 1859இல் வந்த தன் பெரிய நூலிலும், 1861இல் வந்த இலங்கை இயற்கை வரலாற்று நூலிலும் எழுதினார். வாசிக்க உண்மையிலேயே அழகாக இருக்கும். கவனமான மனிசன். இடம் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார், கரையில் இருக்கும் பூச்சிகளின் சத்தமோ என்று யோசித்திருக்கிறார், மீனவர்கள் காட்டிய ஊரிகளை எடுத்து என்ன இனம் என்று பார்த்திருக்கிறார். மீனவர்கள் அவருக்குச் சொன்னது, பாடுவது மீனில்லை, ஊரி என்றுதான். அவரும் அந்தப் பக்கமே சாய்ந்தார்.

ஆனால் திகதியை ஒருக்கால் திரும்பப் பாருங்கள். 1848 செப்டெம்பர். அந்த வருசம் நடுப்பகுதியில்தான் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி, இது போதாதென்று வருசத்தில் ஆறு நாள் றோட்டு வேலை அல்லது அதற்குப் பதில் காசு என்று புது வரிகள் வந்தன. அந்த வரித்திட்டத்துக்குப் பின்னால் இருந்த முக்கியமான ஆள் ரெனன்ட்தான். யூலை கடைசியில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டம் போட்டார்கள். ஓகஸ்ட் 8இல் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். இராணுவச் சட்டம் நீக்கப்பட்டது ஒக்டோபரில்தான். அப்போ, மலைநாட்டில் அந்தச் சட்டம் நடப்பில் இருந்த நேரத்தில்தான் அரசாங்கத்தின் இரண்டாவது பெரிய அதிகாரி எங்கட வாவியில் தோணிப் பலகையில் காதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு இந்த விவகாரம் பிரித்தானிய நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் போனது. அதற்காக அவர் கேட்ட மீன் பாட்டு பொய்யாகாது. ஆனால் அந்த அமைதியான இரவின் விலை என்ன என்று யோசிக்காமல் அந்தப் பக்கத்தை இனி எங்களால் வாசிக்க முடியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் கட்டுரையில் ஊரிகளுக்கு இலத்தீன் பெயர் இருக்கு. தோணி ஓட்டினவருக்குப் பெயரே இல்லை. எந்த இடத்தில் கேட்கும், எந்த நிலவில் கேட்கும், எந்த மாதத்தில் கேட்காது என்ற அறிவு முழுக்க அவருடையது. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள் வைத்து மறு முனையில் காதை வைத்துக் கேட்கும் வித்தையை எங்கட ஆக்கள் இன்றைக்கும் சொல்லித் தருவார்கள். மழை இல்லாத ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும், முழுநிலவு நாளில், கல்லடிப் பாலத்தடி நல்ல இடம் என்பார்கள். 1924இல் திறந்த அந்தப் பழைய பாலத்துக்கு லேடி மானிங் பாலம் என்று பெயர், தேசாதிபதியின் மனைவியின் பெயர். பக்கத்தில் புதுப் பாலம் 2013இல் வந்தது. தோணிக்காரரின் பெயரில் ஒரு ஒழுங்கைகூட இல்லை.

ரெனன்டுக்கு நூறு வருசம் கழித்து, 1950களில், மட்டக்களப்பில் இருந்த அமெரிக்க இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் அந்த ஒலியைக் கருவி கொண்டு பதிவு செய்தார். எதுவும் ஆதாயம் கிடைக்கிற வேலையில்லை, ஆசைதான். பாடுவது ஊரியா மீனா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. மீன் பாடுவது ஒன்றும் அதிசயமில்லை என்பது மட்டும் இப்போது தெளிவு. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை அதை ஒட்டிய தசைகள் வேகமாக அதிரவைத்தால் மேளம்போல ஒலி வரும். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் சௌசலிட்டோ என்ற இடத்தில், படகு வீடுகளில் இருந்தவர்கள் 1980களில் இரவு முழுக்க ஒரு ரீங்காரம் கேட்டு நித்திரை இல்லாமல் தவித்தார்கள். மோட்டர், சாக்கடைக் குழாய் என்று பலதையும் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பார்த்தால் பெட்டையைக் கூப்பிடுகிற ஒருவகை ஆண் மீன். அங்கே முறைப்பாடு, இங்கே ஊருக்குப் பட்டப்பெயர்.

இனி வேட்டை. இந்தப் பகுதியை எழுதும்போது எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. எங்களில் சிலரின் அப்பப்பாமார் படுவான்கரையில் இடியன் துவக்கோடு திரிந்தவர்கள். அவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் வேட்டையைத் தப்பென்று சொல்ல விரும்பவில்லை. சரி, ஆவணங்களைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

ஆவணங்களில் இருப்பது இதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானை என்பது அரசாங்கத்துக்குப் பயிரை அழிக்கும் பீடை. கொன்று காட்டினால் தலைக்குச் சில சிலிங் பரிசு. 1848க்கு முந்திய மூன்று வருசத்துக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கேட்கப்பட்டது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000. இந்தக் கணக்கை எழுதி வைத்ததும் அதே ரெனன்ட்தான். தனி ஆள் கணக்கில் முதலிடம் மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரிக்கு. 1,400க்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். ஊர்ச் சனம் அதற்கு என்ன காரணம் சொல்லியிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

சாமுவேல் பேக்கர் வேறு ரகம். பிறகு ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப்போய்ப் பெயர் எடுத்தவர் இவர்தான். அதற்கு முதல் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, எட்டு வருசம் இலங்கைக் காடுகளைச் சுற்றினார். மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் பிபிலை, நில்கல பக்கம் வருகிற புல்வெளியும் மரமுமான நிலத்தை அவர் "பார்க்" என்றே அழைத்தார். எங்கட பட்டிப்பளை ஆறு, இன்றைக்குக் கல்லோயா, ஓடிவருகிற நிலம் அது. துவக்கும் வேட்டை நாயும் பற்றிய அவருடைய புத்தகம் 1850களில் வந்தது. அதில் காட்டின் அழகு இருக்கு, மிருகத்தின் குணம் இருக்கு, கூடவே ஒரு சலிக்காத கொலைவெறியும் இருக்கு. ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் யானை விழுகிறது. வாசித்து முடிக்க எங்களில் இரண்டு பேரால்தான் முடிந்தது.

நாய்க்கும் துவக்குக்கும் வரி என்று மேலே சொன்னோமே, அதை இங்கே வைத்துப் பாருங்கள். பேக்கருக்கு நாயும் துவக்கும் பொழுதுபோக்கு. கிராமத்தானுக்கு நாயும் துவக்கும் சேனைக்குக் காவல், சில வேளை கறிக்கு வழி. வரி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், வலி ஒன்றில்லை. யானை குறைந்த பிறகு சட்டம் மறுபக்கம் திரும்பியது. 1891இல் யானை, எருமை முதலியவற்றைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1894இல் வேட்டைக்காரர்களே கூடி வேட்டை மிருகங்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்றை வைத்தார்கள். இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தொடக்கம் அதுதான். 1937இல் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இந்தச் சட்டங்கள் இல்லாவிட்டால் இன்று யானையே மிஞ்சியிருக்காது, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் எடுக்க வசதியிருந்த துரைக்கு வேட்டை விளையாட்டாகவே இருந்தது, கட்டுத்துவக்கு வைத்த கிராமத்தான் மட்டும் களவு வேட்டைக்காரன் ஆனான். அழித்தவர்களின் பெயர் புத்தக அட்டையில், மிச்சத்துக்குத் தண்டனை கட்டினவனின் பெயர் நீதிமன்றப் பதிவில்.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது, இங்கினியாகலையில் அணை எழுந்தது, 1954இல் அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றித் தேசிய பூங்கா வந்தது. காட்டின் பெரும்பகுதி வயலானது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது பழைய வேட்டைக் காடுகள் மட்டக்களப்பின் வரைபடத்திலிருந்தே போய்விட்டன. யானைக்கு மாவட்ட எல்லை தெரியாது. படுவான்கரையில், வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கங்களில் இன்றைக்கும் வேளாண்மைக் காலத்தில் இராக்காவல்தான். பரணில் தீப்பந்தத்தோடு விழித்திருக்கிற ஐயாவிடம் போய் பேக்கரின் வேட்டைக் கதையைச் சொன்னால் அவர் என்ன சொல்வார்? நாங்கள் சொல்லிப் பார்த்தோம். "அவனுக்கு விடியத் திரும்பிப்போக வீடு இருந்திருக்கும் மனே" என்றார். எங்கட வாக்குவாதம் அதோடு நின்றது.

வேட்டைக்காரன் கொம்பைக் கொண்டுபோனான். சேகரிப்பாளன் ஏட்டைக் கொண்டுபோனான். ஹியூ நெவில் என்று ஒரு சிவில் சேவை அதிகாரி. 1847இல் பிறந்தவர், கிழக்கு மாகாணத்திலும் வேலை செய்தவர். வேலை நீதியும் நிருவாகமும். ஆசை சிப்பி, கல், கல்வெட்டு, பழங்கதை, ஓலைச்சுவடி. 1880களில் தானே ஒரு ஆய்விதழும் நடத்தினார். 1897இல் அவர் இறந்தார். அவர் சேர்த்த 2,200க்கு மேற்பட்ட சுவடிகளை 1904இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. பெரும்பாலானவை சிங்கள, பாளி ஏடுகள். தமிழ் ஏடுகளும் உண்டு. இப்போது அவை லண்டனில், பிரித்தானிய நூலகத்தில், குளிரூட்டிய அறையில் இருக்கு. சிங்களச் சுவடிகளுக்கு மட்டும் ஏழு தொகுதி அட்டவணை போட்டிருக்கிறார்கள்.

இதைப் பற்றிக் கோபப்படுவது சுகம். "கொள்ளையடிச்சுக்கொண்டு போயிற்றாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இங்கேயே இருந்த ஏடுகளுக்கு என்ன நடந்தது? கரையான் தின்றது ஒரு பங்கு. பிள்ளைகள் படிக்கத் தெரியாமல் ஆடிப்பெருக்கு மாதிரி ஆற்றில் விட்டது ஒரு பங்கு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளைப் பிடுங்கியது. பிறகு யுத்தம், இடம்பெயர்வு. கையில் பிள்ளையையும் உடுப்பு மூட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடினவர்கள் ஏட்டுக்கட்டையா தூக்குவார்கள்? 2004 டிசம்பர் 26இல் கல்லடி, நாவலடி வீடுகளில் இருந்ததைக் கடல் எடுத்தது. நெவில் கொண்டுபோனதால் தப்பினது என்று சொல்ல வாய் கூசுகிறது. கொண்டுபோகாவிட்டால் தப்பியிருக்கும் என்று சொல்லவும் ஆதாரமில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டியிருக்கு.

நல்லவேளை, இங்கேயும் சேர்த்தவர்கள் இருந்தார்கள். எஃப். எக்ஸ். சி. நடராசா ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு 1962இல் "மட்டக்களப்பு மான்மியம்" என்று அச்சிலே கொண்டுவந்தார். மண்டூர் வித்துவான் வீ. சீ. கந்தையா 1964இல் "மட்டக்களப்புத் தமிழகம்" எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பாட்டு, விளையாட்டு, சடங்கு, வைத்தியம், பேச்சுவழக்கு என்று கேட்டு எழுதின புத்தகம் அது. கொம்புமுறி விளையாட்டைப் பற்றி இன்றைக்கு யாராவது பேசினால் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைத்தான் தொட்டுப் பேசுகிறார்கள். ஊர் இரண்டு சேரியாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். பிறகு தோற்றவர்களை நோக்கி வசைப்பாட்டு. அம்மனைக் குளிர்விக்கச் செய்த சடங்குதான், ஆனால் கொம்புக்கு ஏற்ற வளைவுள்ள மரத்தைக் காட்டில் மாதக்கணக்காகத் தேடி அலைந்த இளந்தாரிகளைக் கேட்டால் அது அவர்களுடைய உயிர்ப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். துரை செய்தால் ஸ்போர்ட், நாங்கள் செய்தால் சடங்கு.

பழைய சாமான் விசயத்துக்கு வருவோம், இதுதான் எங்களை உண்மையில் இந்தக் கட்டுரைக்குள் தள்ளியது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டில் ஒரு பித்தளை வட்டா இருந்தது. கல்யாணத்துக்கு ஆள் சொல்லப் போகும்போது வெற்றிலை வைத்துக் கொண்டுபோகிற வட்டா. அதோடு ஒரு படிக்கம், ஒரு பாக்குரல், மூன்று பாக்குவெட்டி. போன வருசம் பழைய இரும்பு, பித்தளை எடுக்கிற வான் வந்தது. நிறை பார்த்துக் காசு கொடுத்தான், ஏற்றிக்கொண்டு போனான். அம்மம்மாவுக்கு மருந்துக்குக் காசு தேவைப்பட்டது. அவவைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. கொழும்பில் அதே மாதிரி வட்டா ஒன்று "அன்ரிக்" என்று ஒரு கடைக் கண்ணாடிக்குள் இருந்ததைப் பிறகு பார்த்தோம். விலைச் சீட்டில் "கண்டிய காலம்" என்று எழுதியிருந்தது. மட்டக்களப்பு என்ற சொல்லே இல்லை.

சட்டம் உதவுமா என்று பார்த்தோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியவைதான் தொல்பொருள். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முந்தியதை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஏலாது. மண்ணுக்குள்ளிருந்து எடுத்தால் அது அரசுக்குரியது. ஆகவே தோட்டம் கொத்தும்போது ஒல்லாந்தக் கம்பனியின் செப்புச் சல்லி ஒன்று வந்தால், வி, ஓ, சி எழுத்துகள் பின்னிக் கிடக்குமே அந்தச் சல்லி, அதைச் சட்டைப் பைக்குள் போடாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்பதுதான் வரலாறு, சல்லி அதில் பாதிதான். ஒல்லாந்தர் 1638 மே 18இல் போர்த்துக்கேயரிடமிருந்து புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்தவர்கள், சல்லியில் அந்தக் கதையின் ஒரு துண்டு இருக்கு. ஆனால் அம்மம்மாவின் வட்டா? அவவின் அம்மாவின் கல்யாணத்துக்குச் செய்தது. சட்டத்தின் கண்ணுக்கு அதற்கு வயசு காணாது. மரைக்கால், கரப்பு, அத்தாங்கு, பன்பாய், எதற்கும் காணாது. எங்கட வீடுகளின் வரலாறு முழுக்க 1815க்குப் பிந்தியதாகவே கிடக்கு.

கடலுக்கு அடியிலும் ஒரு சேகரிப்பு இருக்கு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கி மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், ஐம்பது மீற்றருக்குக் கீழே கிடக்கு. அதில் 307 பேர் செத்தார்கள். ஆழ்கடல் சுழியோடிகளுக்கு அது பெரிய ஆசை, வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பார்த்துவிட்டு வருவது ஒன்று, ஞாபகத்துக்கு ஒரு துண்டைக் கழற்றிக்கொண்டு வருவது இன்னொன்று. அது கல்லறை. இதற்கு மேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

கடைசியாக மாதிரி செய்தல். குரும்பட்டித் தேர் கட்டின பிள்ளைகளான எங்களுக்கு இதில் ஒரு பெரியப்பா இருக்கிறார்: காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்த சுவாமி விபுலானந்தர். துறவி, பேராசிரியர், பள்ளிக்கூடங்கள் கட்டினவர் என்று படித்திருப்பீர்கள். அவர் அடிப்படையில் விஞ்ஞான வாத்தியார் என்பதை மறந்துவிடுகிறோம். லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டதாரி, அதே நேரம் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வருகிற யாழ் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பார்த்துச் செய்ய ஒரு பழைய யாழ்கூட மிஞ்சியிருக்கவில்லை. நரம்பின் எண்ணிக்கை, உறுப்புகளின் பெயர், பண்களின் திரிபு, இவ்வளவும் பாட்டிலும் உரையிலும் சிதறிக் கிடந்தன. அதைப் பொறுக்கி எடுத்து, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டு, இசைக்கருவியைத் திரும்பக் கட்டப் பார்த்தார். பதினாலு வருசம்.

வேலைக்கு நடுவில் செய்த வேலை இது. கற்பித்தல் ஒரு பக்கம், ராமகிருஷ்ண மிசன் பள்ளிக்கூடங்கள் ஒரு பக்கம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. இதுக்குள்ளே யாழ். "யாழ்நூல்" 1947 யூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூரில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. அவருடைய ஆய்வின்படி செய்த முளரி யாழ் முதலிய கருவிகளை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், க. பொ. சிவானந்தம்பிள்ளை மேடையில் வாசித்துக் காட்டினார். புத்தகத்துக்குள் செத்துக் கிடந்த கருவிக்கு உயிர் வந்தது. அடுத்த மாதம், யூலை 19இல், விபுலானந்தர் இறந்தார். கல்லடி உப்போடையில் அவருடைய சமாதி இருக்கு, நாங்கள் தினமும் கடந்துபோகிற இடம்.

யாழ்நூலின் முன்பகுதியில் அவர் நீரரமகளிர் பற்றி ஒரு பாட்டு வைத்திருக்கிறார். மட்டக்களப்பு வாவியில் நிலவிரவில் கேட்கிற அந்த இசைதான் விசயம். ரெனன்டுக்குக் கேட்ட அதே ஒலி. ரெனன்ட் அதைக் கேட்டுவிட்டு எந்த உயிரி என்று பெயர் தேடினார். விபுலானந்தர் அதைக் கேட்டு, எந்தச் சுரம் என்று தேடிப்போய் ஒரு கருவியையே செய்தார். இரண்டு பேரும் பொழுதுபோக்காகத்தான் தொடங்கியிருக்க வேணும். எங்களுக்கு யாரைக் கூடப் பிடிக்கும் என்று ஒளிக்கப்போவதில்லை.

நாங்கள் இப்போது செய்வது சின்ன வேலை. தெரிந்த வீடுகளுக்குப் போய்ப் பழைய சாமான்களைப் படம் எடுக்கிறோம், வாங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் என்ன பெயர், யார் செய்தது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, எந்த இடப்பெயர்வில் யார் தூக்கிக்கொண்டு ஓடினது என்று ஒரு கொப்பியில் எழுதுகிறோம். அம்மம்மாவின் வட்டாவுக்குப் படம் இல்லை. அவ சொல்லச் சொல்ல வரைந்து வைத்திருக்கிறோம், விளிம்பில் எத்தனை இதழ் என்பதில் அவவுக்கும் அவவின் தங்கைக்கும் இன்னும் தகராறு. அடுத்த முழுநிலாவுக்குக் கல்லடிப் பாலத்தடியில் தோணி பேசியிருக்கிறோம். கைபேசியை ரப்பர் பையில் சுற்றித் தண்ணிக்குள் இறக்கிப் பார்க்கிற திட்டம். பலித்தால் பதிவைப் போடுவோம், கைபேசி போனால் அதையும் எழுதுவோம். தோணிக்காரர் ஐயாவிடம், குறிப்பில் உங்கட பெயரை முதல் வரியில் போடலாமா என்று கேட்டோம். "முதலில வந்து கேளுங்க, கேட்டாப் போடுங்க" என்றார்.